துண்டுக்குப் பதிலாகப் போட்ட டப்பா

ஒரு பொருளைக் கையில் வைத்திருக்கிறவனைவிட, அதைப் பற்றிப் பேப்பரில் படித்தவனுக்கு எப்படி அதிகமாகத் தெரிந்துவிடுகிறது?

மாரிசாமி இதை ஒரு டீக்கடையில் வைத்து என்னிடம் கேட்டார். தொண்ணூற்று நாலாம் வருடம். ராஜபாளையம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு வீடியோ கேம் கடை திறந்திருந்தார்கள். டீக்கடை பெஞ்சில் இருந்த எல்லோரும் அந்தக் கடையை வாயாலேயே பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். கண் அவிந்துபோகும் என்றார் ஒருவர். அந்தப் பெட்டியில் பழகினவன் நாளைக்கு பாங்கைக் கொள்ளையடிப்பான் என்று பேப்பரில் போட்டிருப்பதாகச் சொன்னார் இன்னொருவர். எந்தப் பேப்பர் என்று கேட்டதற்கு, "எல்லாப் பேப்பர்லயும்தான்" என்றார். அவர்களில் ஒருவர்கூட அந்தக் கடைக்குள் எட்டிப் பார்த்ததில்லை. மாரிசாமி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நான் பள்ளிக்கூடம் முடித்தவன் என்பதால் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் தனக்கு நடந்ததைச் சொன்னார். அவருடைய கோபம் குறையாமல் அதை எழுதப் பார்க்கிறேன்.

மாரிசாமிக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், வைத்தியநாதர் கோயில் இருக்கும் மடவார் வளாகம். இளவயதில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். அங்கே ஒரு மெஷின் அவருடைய இடது கையில் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டது. மில்லில் அதை விபத்து என்றார்கள். மாரிசாமி அதை மெஷினின் குணம் என்றார். அன்றிலிருந்து கரண்டிலோ பாட்டரியிலோ ஓடுகிற எதைக் கண்டாலும் அவருக்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் வைத்திருந்தார்: சனியன். மனைவி சுடலையம்மாள் ஒரு ரேடியோவுக்கு ஆசைப்பட்டபோது, "அது பேசிக்கிட்டே இருக்கும். நாம பதில் சொன்னா கேக்காது. அதுக்கு உங்க அண்ணனையே கூட்டி வச்சுக்கிடலாம்" என்று முடித்துவிட்டார்.

விரல் போனவருக்கு மில்லில் இடமில்லை. எட்டு விரலை வைத்துக்கொண்டு அவர் தானாகவே கண்டுபிடித்துக்கொண்ட தொழில், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் காசு வாங்கிக்கொண்டு பயணிகளுக்குச் சீட்டுப் பிடிப்பது.

தென்காசி, செங்கோட்டைப் பக்கமிருந்து மதுரைக்குப் போகும் பஸ்கள் நிரம்பித்தான் உள்ளே வரும். பத்துப் பேர் இறங்கினால் எழுபது பேர் ஏறுவார்கள். பஸ் திருப்பத்தில் வேகம் குறையும்போதே மாரிசாமி அதோடு சேர்ந்து ஓடுவார். எவர் இறங்குவதற்காக வேட்டியை இறுக்குகிறார், எந்த அம்மா காலடியில் கிடக்கும் கூடையைத் தேடுகிறாள் என்று ஓடிக்கொண்டே உள்ளே பார்ப்பார். அவர்கள் எழுந்த மறுநொடி ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு துண்டு பறந்துபோய்ச் சீட்டில் விழும். விழுந்துவிட்டால் அந்தச் சீட்டு அந்தத் துண்டுக்குச் சொந்தம். படிக்கட்டில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துச் சண்டை போடுகிறவர்கள்கூடத் துண்டு கிடக்கும் சீட்டில் உட்கார மாட்டார்கள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதாத சட்டம் அது. எழுதின சட்டங்களைவிட ஒழுங்காக நடந்துவந்தது.

கூட்டம் பெருத்த நாளில் துண்டு தீர்ந்துபோனால், கையில் கிடைத்ததைப் போடுவார். குடை, பனைவிசிறி, பால்கோவாப் பொட்டலம். ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு மாப்பிள்ளையின் ஒற்றைச் செருப்பைப் போட்டுக்கூடச் சீட்டுப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். தானே கண்டுபிடித்த தொழில் என்பதில் அவருக்கு மிதப்பும் உண்டு. அந்தத் தொழிலை விட்டால் வேறு போக்கிடமில்லை என்ற பயமும் உண்டு.

எண்பத்தைந்தாம் வருடம் மே மாதம் தில்லியிலிருந்து அந்தச் செய்தி வந்தது. பஸ்ஸிலும் மற்ற இடங்களிலும் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் குண்டு வைத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். யாரோ மறந்துவிட்டுப் போனது என்று எடுத்தவர்கள் கையிலேயே வெடித்தது. நிறையப் பேர் செத்துப்போனார்கள். ஊர் ஊராக எச்சரிக்கை செய்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையச் சுவரிலும் கறுப்பு எழுத்தில் எழுதினார்கள்: கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள்களைத் தொடாதீர்கள்.

எச்சரிக்கை நியாயமானது. அதற்கு ராக்கப்பன் சொல்லிய உரைதான் அநியாயம்.

ராக்கப்பன் பஸ் நிலையத்துக்குள் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தவர். தினமும் காலையில் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். பாதி வாசிப்பார், மீதியைத் தானே சேர்த்துக்கொள்வார். எது பேப்பர், எது ராக்கப்பன் என்று கேட்கிறவர்களுக்குத் தெரியாது.

"கேட்டியளா, இனிமே குண்டு வைக்கிறதுக்கு ஆளே வேண்டாமாம். ஜப்பான்காரன் ஒரு சில்லு கண்டுபிடிச்சிருக்கான். அரிசி சைசுதான். ஆனா அதுக்கே தனியாப் புத்தி உண்டு. யாரைக் கொல்லணும்னு அதுவே முடிவு பண்ணிரும்."

"அரிசி சைசுல அம்புட்டுப் புத்தியா அண்ணாச்சி?" என்றாள், கொய்யாப்பழக் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லத்தாய். "பெரிய தலையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கவியளுக்குக் கொஞ்சம் கடன் கேட்டு வாங்கலாம்போல இருக்கே."

"நீ சிரிப்ப. கலர் டிவி வந்த பொறவுதான் மழை கொறஞ்சுச்சு, தெரியுமா? அந்தக் கதிரு மேல போயி மேகத்தைக் கருக்கிருது."

"நம்ம ஊர்ல எங்க கலர் டிவி இருக்கு?"

"மெட்ராஸ்ல இருக்குல்லா? மேகம் அங்க இருந்துதான வரணும்!"

மாரிசாமியும் சேர்ந்து சிரிப்பார். உண்மையைச் சொன்னால், அவருக்கு அந்தப் பேச்சு பிடித்துத்தான் இருந்தது. மெஷினைத் திட்ட இன்னொரு ஆள் கிடைத்த சந்தோஷம். அந்தப் பேச்சு ஒருநாள் தன் துண்டின் மேலேயே வந்து விழும் என்று அவர் நினைக்கவில்லை.

"சுவத்துல என்ன எழுதியிருக்கு?" என்று ஆரம்பித்தார் ராக்கப்பன். "கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள். இந்த மாரிசாமிப் பய ஜன்னல் வழியா உள்ள போடுதது என்ன? சீட்டுல கிடக்கு, பக்கத்துல ஆள் இல்ல. ஒருநாள் எவனாவது இவன் கையில ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, இதைப் போட்டுச் சீட்டுப் பிடின்னு சொன்னா இவன் போட மாட்டானா? கூலிக்குக் குண்டு வைக்க இவனை விடத் தோதான ஆள் யாரு இருக்கா?"

இந்தப் பேச்சு, பஸ் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் டைம் கீப்பர் காதுக்குப் போனது. அவர் மாரிசாமியைக் கூப்பிட்டார்.

"மாரி, துண்டுன்னா துண்டு மட்டும். பை, டப்பா, பொட்டலம் எதுவும் ஜன்னல் வழியா உள்ள போகக் கூடாது. ஒண்ணு போச்சுன்னு கேள்விப்பட்டேன், பொறவு நீ இந்தக் காம்பவுண்டுக்குள்ள கால் வைக்கப்படாது."

"போட மாட்டேன் சார். வைத்தியநாதர் மேல சத்தியம். துண்டு மட்டுந்தான்."

இப்படியாக அவருடைய பிழைப்பு ஒரு துண்டின் அகலத்துக்குச் சுருங்கியது. அதையாவது விடக் கூடாது என்று கவனமாக இருந்தார். புதிதாக இரண்டு துண்டுகள் வாங்கிக்கொண்டார்.

பஸ் நிலையத்துக்கு அடுத்த தெருவில் நைனா முகமது ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். வளையல், ரிப்பன், சாந்துப்பொட்டு. சரக்கு எடுக்க வாரம் ஒருமுறை மதுரைக்குப் போவார். மாரிசாமிக்கு நெடுநாள் வாடிக்கை. துபாயிலிருந்து வந்த மச்சான் அவருக்கு ஒரு சாமான் கொடுத்திருந்தார். சோப்பு டப்பா மாதிரி தட்டையாக இருக்கும். கண்ணாடிக்குள் ஒரு குட்டி ஆள் கூடையோடு நிற்பான். மேலே மரத்திலிருந்து தேங்காய் விழும். பொத்தானை அமுக்கி அவனை நகர்த்தித் தேங்காயைப் பிடிக்க வேண்டும். கீழே விட்டால் 'பீ' என்று அழும். அதிலேயே கடிகாரமும் உண்டு. நைனா முகமது அதைத் தொழுகை நேரத்துக்கு மணி அடிக்கும்படி வைத்திருந்தார். அமுக்குகிற வரைக்கும் விடாது.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் தேங்காய் பிடித்துக்கொண்டிருப்பார்.

"என்ன பாய், கடை வச்சுப் பொழைக்கிற மனுசன் தேங்கா பெறக்கிக்கிட்டு இருக்கிய? அந்தச் சனியனை வீட்ல வச்சுட்டு வரக் கூடாதா?"

"நீ ஒரு தடவை ஆடிப் பாரு மாரி. பொறவு கையை விட்டு எறக்க மாட்ட."

"கையே வேண்டாம்னுதான் சொல்லுதேன். மிச்சம் இருக்கிற எட்டு வெரலும் எனக்கு வேணும்."

ராக்கப்பன் தூரத்திலிருந்தே கவனித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மாரிசாமியிடம் தணிந்த குரலில் சொன்னார்: "அது வெளையாட்டுச் சாமான் இல்லலே. பழக்குற சாமான். இன்னைக்குத் தேங்கா பிடிக்கச் சொல்லும். கை பழகின பொறவு வேற என்னத்தையாவது பிடிக்கச் சொல்லும். வெளிநாட்டுல பட்டாளத்தையே இப்படித்தான் பழக்குதான்."

"பாய் ரிப்பன் விக்கிற மனுசன் அண்ணாச்சி."

"எல்லாவனும் மொதல்ல ரிப்பன்தான் விப்பான்."

ஆடித் தேரோட்டம் முடிந்த மறுநாள். ஊருக்கு வந்த கூட்டமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தது. பஸ் நிலையத்தில் மண் தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. உச்சிவெயில் நேரத்துக்கு நைனா முகமது வந்தார். அன்றைக்குச் சரக்கு எடுக்கப் போகவில்லை. கூட அவர் மனைவி மாஜிதா வந்திருந்தாள், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு. போன தடவை திருமங்கலம் வரைக்கும் நின்றுகொண்டே போய், மயங்கி விழுந்துவிட்டாள். இனிமேல் இந்தப் பெண்ணை நிற்கவைத்துக் கூட்டி வந்தால் பிள்ளைக்கு நான் பொறுப்பில்லை என்று மதுரையில் டாக்டரம்மா சத்தம் போட்டு அனுப்பியிருந்தார்.

"மாரி, எனக்கு வேண்டாம். இவளுக்கு ஒரு சீட்டு."

"அண்ணே, முன்னால பாத்துப் பிடிங்க. பின்னால தூக்கித் தூக்கிப் போடும்," என்றாள் மாஜிதா.

"நீ செத்த நேரம் நெழல்ல நில்லு தாயி. வண்டி வரவும் உனக்குச் சீட்டு இருக்கும்."

வாயால் சொல்லிவிட்டார். ஆனால் காலையிலிருந்து போன பஸ்களில் அவருடைய துண்டுகளில் பாதி மதுரைக்கே போய்விட்டன. அந்தக் கூட்டத்தில் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. தோளில் மிச்சம் இரண்டு.

பஸ் வந்தது. ஓடினார். முன்னால் ஒருவர் எழுந்தார். அந்தச் சீட்டைப் பிடிக்கலாம் என்று துண்டை எறிந்தார். எழுந்தவர் சும்மா வேட்டியைச் சரிசெய்துகொண்டு மறுபடி துண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது துண்டு கம்பியில் பட்டு வெளியே விழுந்தது, பின்னால் வந்த கூட்டம் அதை மிதித்துத் தேய்த்துவிட்டது. அப்போதுதான் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் புருஷனும் பெண்சாதியுமாக இருவர் எழுந்தார்கள். நல்ல இடம். ஜன்னலோரம். மறுபக்கத்து ஜன்னலிலிருந்து யாரோ ஒருவன் கைக்குட்டையை நீட்டிக்கொண்டிருந்தான்.

பஸ் இன்னும் நிற்கவில்லை. சட்டையைக் கழற்ற நேரமில்லை. பக்கத்தில் நைனா முகமது ஒரு கையில் பையும் மறுகையில் அந்தச் சாமானுமாக ஓடி வந்துகொண்டிருந்தார். பை கம்பிக்குள் நுழையாது. மாரிசாமி அவர் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கினார். ஜன்னலில் விட்டார். அது தட்டையாகச் சீட்டின் நடுவில் போய் உட்கார்ந்தது. மறுபக்கத்துக் கைக்குட்டை நின்றுவிட்டது.

சத்தியம் மீறிப்போனது அவருக்குத் தெரிந்தது. யாருக்கும் தெரியாமல் இந்த ஒரு பஸ் போய்விட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டார்.

மாஜிதாவை நடக்கவைத்துப் படிக்கட்டுக்குக் கொண்டுவருவதற்குள் பஸ் நிரம்பிவிட்டது. அந்தச் சீட்டும் பக்கத்துச் சீட்டும் மட்டும் காலி. சுற்றி நின்றவர்கள் வழக்கம்போல டப்பாவுக்கு மரியாதை கொடுத்து நின்றார்கள். துண்டாக இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் துண்டு ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. அன்றைக்குத் தொழுகை நேரம் வந்தது.

'பீப். பீப். பீப்.'

பக்கத்தில் நின்றவர்கள் சீட்டின் மேல் குனிந்து பார்த்தார்கள். பிறகு யாரோ அலறினார்கள்: "குண்டு!"

படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் மேல் இறங்குகிறவர்கள் விழுந்தார்கள். டிரைவர் தன் பக்கத்துக் கதவைத் திறந்து குதித்தார். மாஜிதா ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக இருந்தவள், பின்னால் தள்ளப்பட்டுச் செல்லத்தாயின் கொய்யாக் கூடை ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். செல்லத்தாய் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டு, கூடை மூடியால் வருகிறவன் போகிறவன் முதுகிலெல்லாம் அடித்தாள். "வயித்துப் புள்ளக்காரி கிடக்கா, கண்ணு அவிஞ்சா போச்சு? நாசமாப் போறவனுகளா!"

கூட்டம் ஓரத்தில் போய் நின்றதும் அதற்குத் தைரியம் வந்தது. தைரியம் வந்ததும் ஆளைத் தேடியது.

"பாய் கையிலதான் இருந்துச்சு. நான் பாத்தேன்."

"அவருதான் கூடவே ஓடி வந்தாரு."

தேர்க் காவலுக்கு வந்திருந்த வெளியூர் போலீஸ்காரர் ஒருவர் நைனா முகமதுவின் கையைப் பின்னால் முறுக்கினார். யாரோ பிடரியில் ஓங்கி அறைந்தார்கள். தொப்பி கீழே விழுந்தது. அதை மிதித்துக்கொண்டு முன்னால் வந்தார் ராக்கப்பன்.

"சார், அது வெளையாட்டுச் சாமான். நேரத்துக்கு மணி அடிக்கும்படி வச்சிருக்கேன், அம்புட்டுத்தான்," என்றார் நைனா முகமது.

"கேட்டுக்கிட்டியளா? நேரம் வச்சிருக்கானாம். அவன் வாயாலேயே சொல்லிட்டான்!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார் ராக்கப்பன். "நான் படிச்சிருக்கேன் சார். இப்படித்தான் மணி அடிக்கும். அடிச்சு நிக்கவும் வெடிக்கும்."

மாரிசாமி பத்தடி தள்ளி நின்றார். அவரை யாரும் பார்க்கவில்லை. டைம் கீப்பர் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், துண்டும் பிழைப்பும் தங்கும். திறந்தால் இன்றோடு முடிந்தது. முன்னால் போனார்.

"அவரை விடுங்க சார். நான்தான் போட்டேன். சீட்டுப் பிடிக்கப் போட்டேன்."

டைம் கீப்பர் முகம் மாறியது. ஆனால் கூட்டத்தின் முகம் மாறவில்லை. அதுதான் மாரிசாமியை அதிர வைத்தது. இவ்வளவு பெரிய விலை கொடுத்து ஓர் உண்மையைச் சொல்கிறார், வாங்க ஆளில்லை.

"நீதாம்லே போட்டிருப்ப," என்றார் ராக்கப்பன். "கொடுத்தது யாரு? கை உன்னுது, மூளை அவனுது."

"அவரு கொடுக்கலை. நான் பிடுங்கினேன்."

"பிடுங்குற மாதிரி நீட்டியிருப்பான்."

"அண்ணாச்சி, நீரு அதைத் தொட்டாவது பாத்திருக்கீரா?"

"தொட்டவன்லாம் செத்துப்போனான்னுதானலே பேப்பர்ல போட்டிருக்கு!"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. பஸ்ஸுக்குள் அது விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தது. போலீஸ்காரர் இன்னும் கொஞ்சம் முறுக்கினார். நைனா முகமது வலியில் குனிந்தார். மாஜிதா கூடை ஓரத்திலிருந்து, "அண்ணே, அண்ணே" என்று அழுதாள்.

மாரிசாமி திரும்பி நடந்து பஸ்ஸுக்குள் ஏறினார்.

அவருக்குப் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். அப்படிச் சொன்னால் அவரே என்னை அடிக்க வருவார். அந்தக் காலி பஸ்ஸுக்குள் செருப்பும் கூடையும் சிதறிக் கிடந்த வழியில் நடக்கும்போது அவருக்கு மில் மெஷின் ஞாபகம் வந்தது. விரல் போன கையில், இல்லாத விரல்கள் வலித்தன. பாய் நல்லவர்தான், ஆனால் துபாய்க்காரன் கொடுத்ததற்குள் என்ன இருக்கிறதென்று பாய்க்கு மட்டும் எப்படித் தெரியும் என்று ராக்கப்பன் குரலிலேயே ஒரு நினைப்பு வந்தது. "அந்த நிமிசம் நானும் அவனுகள்ல ஒருத்தன்தான்" என்று என்னிடம் சொன்னார். ஆனாலும் கையை நீட்டி எடுத்தார். அது உள்ளங்கையில் துடித்தது. வெடிக்கவில்லை. அவர் பிடித்துக்கொண்டே படியிறங்கினார்.

அவர் டப்பாவோடு வருவதைப் பார்த்ததும் கூட்டம் இரண்டாகக் கிழிந்தது. போலீஸ்காரர் நைனா முகமதுவின் கையை விட்டுவிட்டு, ஓடினார். இவ்வளவு நேரம் எந்த நியாயமும் விடுவிக்காத மனிதரை அந்த ஓட்டம் விடுவித்தது. மாரிசாமி வேறு யாரையும் பார்க்கவில்லை. நேராக ராக்கப்பனைப் பார்த்து நடந்தார். ராக்கப்பன் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து போய்த் தன் சைக்கிள் வரிசையில் முட்டினார். முதல் சைக்கிள் சாய்ந்தது. அது அடுத்ததைச் சாய்த்தது. கடைசி சைக்கிள் வரைக்கும் சடசடவென்று விழுந்தது. நடுவில் ராக்கப்பன் ஒரு காலைச் சக்கரத்துக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தார்.

மாரிசாமி அவர் முகத்துக்கு நேராக அதை நீட்டினார். "செத்த பிடியும் அண்ணாச்சி. அரிசி சைசு சில்லு இதுக்குள்ளதான இருக்கு? யாரைக் கொல்லணும்னு முடிவு பண்ணியிருக்கு? நீரே கேட்டுச் சொல்லும்."

"கொண்டு போலே! ஏலே, கொண்டு போலே! எனக்கு மூணு பொம்பளைப் புள்ளைக இருக்கு!"

நைனா முகமது வந்தார். உதட்டில் ரத்தம் வடிந்தது. முறுக்கின கையைத் தூக்க முடியாமல் மறுகையால் ஒரு பொத்தானை அமுக்கினார். சத்தம் நின்றது. கண்ணாடிக்குள் குட்டி ஆள் கூடையோடு நின்றான்.

இதற்கப்புறம் கூட்டம் வெட்கப்பட்டது, மன்னிப்புக் கேட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஓடிப்போன போலீஸ்காரர் திரும்பி வந்தார். டப்பாவைப் பிடுங்கி, டீக்கடைத் தண்ணீர் டிரம்முக்குள் போட்டார். பாதுகாப்பு என்றார். சைக்கிளுக்குள்ளிருந்து எழுந்த ராக்கப்பன் வேட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "இன்னைக்கு வெடிக்கலை. அதனால குண்டு இல்லைன்னு ஆயிருமா?" பலபேர் தலையாட்டினார்கள்.

டைம் கீப்பர் மாரிசாமியின் அருகில் வந்தார். கோபமாகக்கூட இல்லை. "சொன்ன சொல்லு போச்சுல்ல மாரி? இனி இங்க வராத."

"இந்த வண்டி போகவும் போயிருதேன் சார்."

டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார். குண்டு என்று அலறி ஓடியவர்கள் எல்லோரும் இப்போது முதல் ஆளாக ஏற முட்டிக்கொண்டார்கள். சண்டை, தள்ளுமுள்ளு, வசவு. படிக்கட்டில் தொங்கினார்கள். மேலே கூரையிலும் ஏறினார்கள். ஆனால் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில், டப்பா கிடந்த சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. பக்கத்துச் சீட்டிலும் உட்காரவில்லை. ஒருவர் மேல் ஒருவராக நெருக்கிக்கொண்டு, அந்த இடத்திலிருந்து உடம்பைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். மாரிசாமி வாழ்நாளில் எத்தனையோ துண்டு போட்டிருக்கிறார். எந்தத் துண்டும் சீட்டை இப்படிக் காத்ததில்லை.

"வழிவிடுங்கய்யா, சீட்டுக்காரவுக வாராக" என்று சொல்லிக்கொண்டே அவர் மாஜிதாவைக் கூட்டிப்போய் அதில் உட்காரவைத்தார். பக்கத்தில் நைனா முகமதுவை உட்காரவைத்தார். அவர்கள் இருவரும் உட்கார்ந்துதான் மதுரைக்குப் போனார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பஸ் கிளம்பும்போது மாஜிதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எங்கண்ணே போவிய?" என்று கேட்டாள். அவர் கூட்டத்தில் மிதிபட்டுக் கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

இப்போது அவர் ராஜபாளையத்தில் இருக்கிறார். ஜன்னல் வழியாக எதையும் போடுவதில்லை. பஸ் நிலையத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே ஏறித் தானே உட்கார்ந்துகொள்கிறார், ஆள் வந்ததும் எழுந்து கொடுக்கிறார். ஒரு பஸ்ஸுக்கு ஒரு சீட்டுக்கு மேல் அவருக்குக் கிடையாது. நைனா முகமதுவின் கடைக்கு ரொம்ப நாள் ரிப்பன் வாங்கக்கூட ஆள் வரவில்லை. ராக்கப்பன் இன்னும் பேப்பர் வாசிக்கிறார்.

அந்த விஷயம் மறுநாள் பேப்பரில் ஓரமாக வந்தது: பஸ் நிலையத்தில் மர்மப் பொருள், காவலரின் துணிச்சலால் பயணிகள் தப்பினர். அதில் மாரிசாமி பெயர் இல்லை. மாஜிதா கீழே விழுந்ததும் இல்லை. அதை வாசித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், இதை வாசிக்கிறவர்கள் ஒரு கைப்பிடிதான் இருப்பீர்கள். ஆகவே ஆளுக்கு ஒருவரிடமாவது இதைச் சொல்லுங்கள். அவர்களையும் சொல்லச் சொல்லுங்கள். எதை விட்டாலும், பஸ்ஸுக்குள் தனியாக ஏறினவர் பெயர் மாரிசாமி என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.